இரவற் சிரிப்பு

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆசியாவின் இரு பெருநகரங்களில் இரு அரசுகள் நகைச்சுவையைக் கண்டு அஞ்சின. பீஜிங் நகரத்து அரங்கொன்றிலே லி ஹாவோஷி என்னும் இளங்கலைஞர், தாம் எடுத்து வளர்க்கும் இரு தெருநாய்கள் ஓர் அணிலைத் துரத்திய கதையைச் சொல்லி, அவற்றின் வேகத்தைச் சீன இராணுவத்தைப் புகழும் சுலோகமொன்றால் வருணித்தார். சபை சிரித்தது. நான்கு நாட்களுள், அவரை மேடையேற்றிய நிறுவனத்துக்கு 1 கோடியே 33 இலட்சம் யுவானுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. அதே மாதம் 28ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்திலே நடாஷா எதிரிசூரிய கைது செய்யப்பட்டார். கொழும்பு பிஷப் கல்லூரி மண்டபத்தில் நிகழ்ந்த நகைச்சுவை நிகழ்ச்சியொன்றில் அவர் கூறியவை பௌத்த மதத்தை நிந்திப்பன என்பது குற்றச்சாட்டு. குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமே ஒரு பெண்ணின் பேச்சுரிமைக்கு எதிராகப் பிரயோகிக்கப்பட்டது. யூலை மாதம் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை வழங்கும்வரை அவர் சிறையிலிருந்தார்.

இவ்விரு செய்திகளையும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்கிசையிலும் வாழும் தமிழராகிய நாம் வாசித்தோம், அனுதாபப்பட்டோம், மறந்தோம். நமக்கு அவை அயல்வீட்டுச் சங்கதிகளாகவே தோன்றின. சீனத்திலும் சிங்களத்திலும் பேசியவர்களுக்கு நேர்ந்த இடர் அது. தமிழிலே அத்தகைய மேடையில் நின்று அரசையோ, மதத்தையோ, நம்மையோ நோக்கி நகைத்தமைக்காக எவரும் பிடிபடவில்லை. அதனை நமது நாவடக்கத்துக்குக் கிடைத்த பரிசெனச் சிலர் கருதக்கூடும். பிடிபடத்தக்க எதனையும் நாம் மேடையிற் சொல்லவில்லை என்பதே உண்மை.

‘ஸ்டாண்ட்-அப் கொமடி’ என ஆங்கிலத்தில் வழங்கும் தனியாள் நகைச்சுவை மேடையின் இயல்பை முதலிற் கூறிவிடலாம். காட்சித் திரை இல்லை. வேடப் புனைவு இல்லை. உடன் நடிப்போர் இல்லை. ஓர் ஒலிவாங்கி, ஒரு மனிதர், எதிரே ஒரு சபை. அவர் தமது சொந்தப் பெயரிலே, தமது வாழ்க்கையைச் சாட்சியாக வைத்துப் பேசுகின்றார். இம்மேடை அண்மைக் காலத்தில் ஆசியாவெங்கும் பரவியுள்ளது. அப்பரம்பலிலே சீனரின் அனுபவம் நமக்கு ஒரு பாடநூல் போன்றது.

ஹொங்கொங்கிலே 1990இல் வொங் ட்ஸு-வா என்னும் கலைஞர் கன்ரனிய மொழியில் இவ்வடிவத்தைத் தொடக்கிவைத்தார். நியூயோர்க்கிலே பிறந்து வளர்ந்த சீனரான ஜேமி கொங், 2007 அளவில் அதே நகரில் நகைச்சுவைக்கென்றே ஒரு கூடத்தை நிறுவினார். பெருநிலச் சீனத்திலோ, 2010ஐ அண்டிய ஆண்டுகளில், பீஜிங்கிலும் சங்காயிலும் தொழில் பார்க்க வந்த வெளிநாட்டவர் மதுக்கூடங்களில் ஆங்கிலத்திற் சிரித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு அண்மையிலேயே சீன இளைஞர் சிறு தேநீர்க் கடைகளிலே தம் மொழியில் முயன்றுகொண்டிருந்தனர். டெஸ் பிஷப் என்னும் ஐரிஷ்-அமெரிக்கக் கலைஞர் 2013இல் பீஜிங் சென்று, சீன மொழியைக் கற்று, அம்மொழியிலேயே மேடையேறினார். எதிர்த்திசையிலும் பயணம் நிகழ்ந்தது. உயிர் இரசாயனத்தில் உயர்பட்டம் பெற அமெரிக்கா சென்ற ஹுவாங் சி, அதாவது ஜோ வொங், 2010இல் வாஷிங்ரனில் ஒலி, ஒளிபரப்புச் செய்தியாளரின் விருந்தில், உப ஜனாதிபதியை முன்னால் இருத்திக்கொண்டு, குடியேறியவனின் பார்வையில் அமெரிக்காவை நகையாடினார்; பின்னர் தாயகம் திரும்பி அங்கும் மேடைகண்டார். சில ஆண்டுகளில் இவ்வடிவம் இணையத் தொடர் நிகழ்ச்சிகளாகப் பெருகிக் கோடிக்கணக்கான சீனரைச் சென்றடைந்தது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்நியர் ஆங்கிலத்தில் ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் சிரிக்கவைத்த காலம்வரை அம்மேடை ஒரு விடுதிப் பொழுதுபோக்காக மட்டுமே இருந்தது. ஆங்கிலச் சொல்லான ‘ரோக் ஷோ’வின் ஒலியையே எடுத்துத் ‘துவோகோவ்ஷியூ’ எனத் தம் எழுத்துக்களால் எழுதி, பெயரையும் வடிவையும் சீனர் தமதாக்கிக்கொண்ட பின்னரே அது ஒரு சமுதாயத்தின் குரலாயிற்று. இருவர் உரையாடிச் சிரிப்பூட்டும் ‘சியாங்ஷெங்’ என்னும் பழைய கலைமரபு அவர்களிடம் இருந்தது. புதியதை வரவேற்கும் திண்ணையாக அது உதவிற்று. அரசு கண்விழித்ததும் அப்பொழுதுதான். அங்கு மேடைப் பிரதி முன்கூட்டியே அதிகாரிகளின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பது விதி. தண்டமும் தடையும் அயல்மொழிச் சிரிப்புக்கு அல்ல, சொந்த மொழிச் சிரிப்புக்கே கூடிய விலையாக விதிக்கப்பட்டன.

இனி நமது கொழும்புக்கு வருவோம். இந்நகரிலே மூவகைச் சிரிப்பு விற்பனைக்கு உண்டு. ஆங்கிலச் சிரிப்பு முதலாவது. லயனல் வென்ட் அரங்கிலும் கடற்கரை விடுதிகளிலும் அது நிகழ்கின்றது. ஃபெரோஸ் கமர்டீனின் ‘புஸ்வெடில்ல’ போன்ற அரசியல் அங்கத நாடகங்கள் ஆட்சியாளரைத் துணிவோடு கேலி செய்தமையை மறுப்பதற்கில்லை. எனினும் ஆங்கில மேடையிலே தமிழன் பெரும்பாலும் ஓர் உச்சரிப்பாகவே தோன்றுகின்றான். சிங்களச் சொல்லை உடைத்துப் பேசுபவனாக, தலையை ஆட்டுபவனாக அவன் வருவான். முன்வரிசையிலிருக்கும் தமிழ்க் கனவான்களே முதலிற் கைதட்டுவர். சிங்களச் சிரிப்பு இரண்டாவது. அதன் சபையில் நம்மிற் பலர் இருப்பதில்லை. மூன்றாவது, சென்னையிலிருந்து வருவது.

இம்மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டியுள்ளது. ஏனெனில் அதனைத்தான் நாம் ‘நமது’ என்று நம்பி ஏமாறுகின்றோம். சென்னையிலே இக்கலை செழித்துள்ளது என்பதில் ஐயமில்லை. கார்த்திக் குமார், அரவிந்த் எஸ். ஏ., அலெக்சாண்டர் பாபு முதலியோர் தத்தமக்கென ஒரு பாணியை வகுத்துக்கொண்டவர்கள். அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லாண்ட்’ 2019இல் இணையத்தில் வெளியானபோது நம் விடுதி அறைகளிலும் அது ஒலித்தது. நல்ல கலை, இசைஞானமும் நகைச்சுவையும் அதில் இசைந்துள்ளன. அவர்கள்மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. குறை நம்மிடத்தது. சென்னைக் கலைஞர் ஒருவர் வருகின்றார் என்றால் சில ஆயிரம் ரூபா கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குகின்றோம். அவர் தி. நகர் நெரிசலையும் பொறியியற் கல்லூரி விடுதியையும் மயிலாப்பூர் மாமியையும் வருணிக்க, நாம் காணாத தெருவையும் வாழாத வாழ்வையும் நினைத்து வயிறு குலுங்கச் சிரிக்கின்றோம். வெளியே வந்து காலி வீதியில் முச்சக்கரவண்டியை மறித்து, நமது சிங்களத்தை நாமே மூன்று முறை திருத்திக்கொண்டு வாடகை பேசும்போது, அதில் ஒரு நகைச்சுவை உண்டென்று நமக்குத் தோன்றுவதில்லை.

வந்து போகும் கலைஞர் நமக்குக் கொண்டுவருவது முடிந்த சரக்கு. அது ஐம்பது சிறு மேடைகளிலே அடிபட்டுத் திருத்தம் பெற்ற பின்னரே கப்பலேறுகின்றது. சீன இளைஞர் தேநீர்க் கடைகளில் நடத்தியதும், சென்னையில் வாரந்தோறும் நிகழ்வதும் ‘திறந்த மேடை’ எனப்படும் பட்டறை. அங்கே ஐந்து நிமிடம் பேசலாம். சிரிப்பு வராவிடின் தலைகுனிந்து இறங்கலாம். மறுவாரம் ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கலாம். தோல்வியடைய இடமில்லாத ஊரிலே இக்கலைஞன் தோன்றமாட்டான். கொழும்புத் தமிழருக்கு மண்டபங்கள் உண்டு. மண்டப வாடகை கொடுக்கத்தக்க வர்த்தகப் பெருமக்களும் உண்டு. தோல்வியடையத்தக்க ஒரு சிறு அறைதான் இல்லை. ஆங்காங்கே நிகழும் தனிமுயற்சிகள் ஒரு மழைக்கு முளைத்து மறு வெயிலுக்கு வாடுவதன் காரணமும் இதுவே.

“இது மேனாட்டுக் குப்பை, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது” என்போர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுள் விரிவுரையாளரும் அடங்குவர் என்பதைப் பணிவோடு குறிப்பிடுகின்றோம். மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறவந்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். கூத்திலே அரசன் வருமுன்னர்க் கட்டியகாரன் வருகின்றான். அரசனைப் பற்றி அவன் சொல்லும் சொற்கள் எல்லாம் அரசனுக்கு உவப்பானவை அல்ல. தொன்மையை விடுவோம், இந்நூற்றாண்டுக்கும் சென்ற நூற்றாண்டுக்கும் வருவோம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிப் பல்கலைக்கழக மாணவர் நடித்த நாடகங்கள் 1940இல் ‘நானாடகம்’ என நூலாயின. அவை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று ‘நாட்டவன் நகர வாழ்க்கை’. தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே கிராமத்தவன் நகரத்திற் படும் பாட்டைப் பேச்சுத் தமிழில் மேடையேற்றிச் சிரிக்கவைத்த மரபுக்கு வாரிசுகளாகிய நாம், இன்று செந்தமிழில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கின்றோம்.

சிவஞானசுந்தரம் என்னும் ‘சுந்தர்’ 1963இல் தொடங்கிய ‘சிரித்திரன்’ நமது நகைச்சுவை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதில் உலாவிய சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் கிராமத்துத் திண்ணைகளிலிருந்து எழுந்து வந்தவர்கள். ‘மிஸிஸ் டாமோடிரன்’ யார்? தாமோதரனை டாமோடிரன் ஆக்கிக்கொண்ட கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் பிரதிநிதி. அவ்வம்மையார் இன்றும் வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் வாழ்கின்றார். அவரை வரையத்தான் ஒரு சுந்தர் இல்லை.

வானொலியிலோ ‘கோமாளிகள்’ இருந்தனர். ராம்தாஸின் மரைக்கார், ராஜகோபாலின் அப்புக்குட்டி, செல்வசேகரனின் உபாலி, அப்துல் ஹமீதின் ஐயர் ஆகிய நால்வரும் நான்கு வகைத் தமிழ் பேசினர். முஸ்லிம் தமிழும், யாழ்ப்பாணத் தமிழும், சிங்களவர் பேசும் தமிழும், அந்தணர் தமிழும் ஒரே கூரையின் கீழ் மோதிக்கொண்டன. 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஒவ்வொரு சமூகத்தையும் ஓர் அச்சில் வார்த்துவிட்ட குறை அதற்குண்டு. பெண்களுக்கு அங்கே உரிய இடமும் இருக்கவில்லை. ஆயினும் நால்வரும் நால்வரையும் கேலி செய்தனர். ஒருவன் மட்டும் கேலிப்பொருளாகவில்லை. அந்தச் சமன்பாடு இன்றைய எந்தக் கொழும்பு மேடையிலே உண்டு?

எல்லாவற்றுக்கும் மேலாக, கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ இருக்கின்றது. பஸ் நடத்துநர் ஒருவராக ஒரே மனிதர் மேடையில் நிற்கின்றார். ஏறுவோர், இறங்குவோர், சில்லறை இல்லாதோர், மிதிபலகையில் தொங்குவோர் ஆகிய அனைவரும் அவர் பேச்சிலேயே உயிர் பெறுகின்றனர். ஒரு யாழ்ப்பாணத்துப் பஸ், திரையின்றி, துணை நடிகரின்றி, சபையின் கண்முன்னே ஓடுகின்றது. இதனைத் ‘தனிநடிப்பு’ என்றோம். ஒலிப்பேழையாக அது வீடுகள்தோறும் சென்றது. நியூயோர்க்கிலும் பீஜிங்கிலும் இதற்கு வேறு பெயர் வழங்குகின்றது, அவ்வளவே வேறுபாடு. பாலச்சந்திரன் கனடாவிற் குடியேறி 2014இல் அங்கே காலமானார். அவர் தேடி வைத்த சொத்தை ‘மேனாட்டுக் குப்பை’ எனப் பழிப்போர், தம் வீட்டு முற்றத்து மாமரத்தை அயலூர் மரம் என்போர் ஆவர்.

குடியேறியோரைக் குறிப்பிட்டோம். புலம்பெயர்ந்த நம்மவரிடையே இம்மேடைக்கு வந்தோர் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் குரோலி நகரில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, கணித ஆசிரியராகத் தொழில் பார்த்துப் பின் மேடையேறிய ரொமேஷ் ரங்கநாதன் இன்று பிரித்தானியாவின் முன்னணி நகைச்சுவையாளருள் ஒருவர். 2015இல் பி.பி.சி. தொடரொன்றுக்காக அவர் இலங்கை வந்து தம் வேர்களைத் தேடினார். தாய்மொழி வசப்படாமையே அத்தேடலின் நகைச்சுவையாயிற்று. அமெரிக்காவில் டி’லோ என்னும் ஈழத் தமிழ்க் கலைஞர், பால் அடையாளம் பற்றித் தம் இனத்தவர் வாய்திறவாத விடயங்களை மேடையில் பேசுகின்றார். இவர்கள் பேசும் மொழி ஆங்கிலம். அவர்களுடைய சபை அதுவே என்பதால் அவர்களை நோவதற்கில்லை. ஆனால் ஒன்றை ஒப்புநோக்குக. நியூயோர்க்கிலே 2022 முதல் சீனப் பெண்கள் சிலர், தாயகத்திற் சொல்ல இயலாதவற்றைச் சீன மொழியிலேயே மேடையிற் சொல்லத் தொடங்கினர். தாயகத்தில் வாயடைக்கப்பட்ட மொழிக்கு அயல்நாட்டில் ஓர் அறை கிடைத்தது. நமக்கோ, அயல்நாட்டு மேடையில் தமிழர் உண்டு, தமிழ் அரிது. தாயக மேடையில் தமிழ் உண்டு, நமது வாழ்வு இல்லை.

நமது வாழ்விலே நகைப்பதற்கு என்ன உண்டு என வினவலாம். 2021 மே மாதத்தில், சீன உதவியுடன் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அமைந்த இலத்திரனியல் நூலகத்தின் பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்பட்டது. அதிலே சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. 1987 முதல் அரசகரும மொழியாக உள்ள தமிழ் இருக்கவில்லை. இந்நாட்டின் சட்டத்துக்குக் காவலான திணைக்களத்திலேயே அது நிகழ்ந்தது. கண்டனம் எழுந்த பின் பலகை அகற்றப்பட்டது. தமிழ் அரசியல்வாதிகள் அறிக்கை விட்டனர். பத்திரிகைகள் தலையங்கம் தீட்டின. இதைக் காட்டிலும் முழுமையான ஒரு நகைச்சுவையை எந்தக் கலைஞனாலும் கற்பனை செய்ய முடியுமா? தன் மொழியைத் தன் அரசின் சுவரிலே காணாத ஒருவன், சீன எழுத்துக்களில் தன் பெயரைத் தேடிப் பார்க்கும் காட்சி ஒன்றே பத்து நிமிடத்துக்குப் போதும். அறிக்கைகளை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு நல்ல நகையுரையாக அது அமைந்திருப்பின், இன்றும் பஸ்ஸிலும் உணவகத்திலும் நாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம், மறந்திருக்கமாட்டோம்.

இதனிலும் கடினமான ஒன்றைக் கூறுவோம். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர், வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் புறக்கோட்டையிலிருந்தும் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்திற்று. அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் பொலிஸ் பதிவுத் துண்டொன்று, அடையாள அட்டையோடு, சுவாமிப் படத்துக்கு அருகில் பத்திரமாக இருந்தது. நம் பெற்றோர் சோதனைச் சாவடியில் எந்தப் புன்னகையை அணியவேண்டும், எந்த வரிசையிற் சொற்களை அடுக்கவேண்டும் என்று ஒத்திகை பார்த்தவர்கள். பொட்டை எந்தச் சந்தியில் அழிப்பது, எந்தச் சந்தியில் மீண்டும் இடுவது என்பது ஒரு தலைமுறைப் பெண்களின் புவியியல் அறிவு. இவற்றைச் சிரிப்பாக்குவது துயரை அவமதிப்பதாகும் என்பர். துயரை அனுபவித்தவர்கள் சமையலறையில் இவற்றைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அம்மாவும் பெரியம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்த சிரிப்பு அது. ‘சிரித்திரன்’ எண்பதுகளின் யாழ்ப்பாணத்திலும் வெளிவந்தது. அங்கே அப்பொழுது சிரிப்பதற்கு என்ன இருந்தது என எவரும் அதன் ஆசிரியரைக் கேட்கவில்லை. சமையலறையிற் சொல்லத்தக்கது மேடையிற் சொல்லத்தகாதது ஆவதேன்? இதற்கு விடை பண்பாடு அன்று. அச்சம்.

அவ்வச்சம் ஆதாரமற்றது எனக் கூறி எவரையும் நாம் ஏமாற்ற விரும்பவில்லை. தமிழில் ‘நவரசம்’ என்னும் கவிதை நூலை எழுதிய அஹ்னாப் ஜஸீம், 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார்; ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. தமிழ்ச் சொல்லுக்குத் தரப்படும் பொருள் தமிழரிடத்து இல்லாமற் போகும் நிலையை அவ்வழக்கு காட்டிற்று. சக்திக சத்குமார சிங்களத்தில் எழுதிய சிறுகதைக்காக 2019இல் நான்கு மாதம் சிறையிலிருந்தார். ஆகவே, இம்மேடை ஆபத்தற்றது என்பது நமது வாதமன்று. ஆபத்தில் நிற்பவர்கள் நடாஷா போன்ற சிங்களப் பெண்களாக மட்டும் இருக்கட்டும், நாம் அவர்களுக்காகக் கையொப்பமிடுவோம் என்னும் மனப்பாங்கே நமது கண்டனத்துக்குரியது.

அரசைக் குற்றஞ் சாட்டி ஓய்ந்துவிடவும் கூடாது. நமக்குள்ளே ஒரு தணிக்கைச் சபை உண்டு. சாதியைப் பற்றிப் பேசினால் ஊர்ச்சங்கம் எழும். சீதனத்தைப் பற்றிப் பேசினால் உறவினர் எழுவர். கோயிற் சபையைப் பற்றிப் பேசினால் யாவரும் எழுவர். எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பான பொருள் மனைவி. ஆதலாற்றான் பட்டிமன்றம் தோறும் மனைவியின் சமையலும் மாமியாரின் நாவும் நகைப்பொருளாகின்றன. தொலைக்காட்சியிற் கேட்டவற்றையே நமது பேச்சாளரும் ஒப்புவிக்கின்றனர். சீனாவில் யாங் லி என்னும் பெண், சாதாரண ஆண்களுக்கு இத்துணைத் தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என 2020இல் ஒரு கேள்வி கேட்டார். ஆடவர் சிலர் அரச அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுமளவுக்கு அது நாட்டையே கலக்கிற்று. நமது பட்டிமன்ற மேடையில் ஒரு மாணவி அக்கேள்வியைக் கேட்பாளாயின் நடுவர் மணியை அடித்துவிடுவார்.

மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டும். கொட்டாஞ்சேனைத் தமிழிலே மலையகமும் கத்தோலிக்கமும் சிங்களமும் கலந்துள்ளன. வெள்ளவத்தைத் தமிழ் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஆங்கிலத்தில் அரைக்கால் ஊன்றி நிற்கின்றது. கல்கிசையிலே நம் வீட்டுச் சிறுவர் மூன்று மொழிகளில் ஒரே வாக்கியத்தை முடிக்கின்றனர். இவற்றைக் கொச்சை என ஒதுக்கிவிட்டு மேடைக்கெனச் சென்னைத் தமிழை இரவல் வாங்குகின்றோம். வானொலி அறிவிப்பாளர் சிலரும் இன்று அவ்விரவலிலேயே பேசுகின்றனர். செந்தமிழில் எழுதப்படும் இக்கட்டுரை இதனைச் சொல்வது முரண் என்பார்க்கு, ஏட்டுக்கு ஒரு நடையும் மேடைக்கு ஒரு நடையும் நம் மொழிக்குப் புதிதன்று என்பதே மறுமொழி.

இவ்வாண்டுக் கலைவிழாவிலும் வழக்கம்போல் ஒன்றரை மணி நேரப் பட்டிமன்றம் இடம்பெறும். அதிலே இருபது நிமிடத்தை மட்டும் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவிடம் கேட்கின்றோம்: நான்கு மாணவர், ஆளுக்கு ஐந்து நிமிடம், ஓர் ஒலிவாங்கி. அவர்களுள் இருவர் மாணவிகளாக இருக்கட்டும். ஹற்றனிலிருந்து வந்தவர் ஹற்றன் தமிழிலும், அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர் அக்கரைப்பற்றுத் தமிழிலும் பேசட்டும். விழாவுக்கு முன் மாதம் ஒருமுறை, சங்க அறையிலே, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவரும் சிரிக்காத ஒத்திகைகளை நடத்திக்கொள்வோம். அதற்கு வாடகை வேண்டியதில்லை. பேசப்போவதன் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே ஒப்படைக்கவேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் செயற்குழு விதிக்காதிருக்க வேண்டும்.